மூன்று காற்சுவடு

சென்ற ஆண்டு, தேடிச்சென்ற நூல் கிடைக்காத ஒரு பிற்பகலில், நூலகத்தின் ஒதுக்குப்புறமான அடுக்கிலிருந்து கைக்கு அகப்பட்ட வேறொரு நூலை எடுத்துப் புரட்டினேன். வடபுலத்துப் பனிக்காட்டில் மூஸ் என்னும் விலங்கைத் தனியொருவராய்த் தடம் பற்றிச் சென்ற வேட்டைக்காரர் ஒருவரின் அனுபவம் அதில் இருந்தது. அவர் கையிலிருந்தது உருப்பெருக்கும் கண்ணாடி ஏதும் பொருத்தப்படாத பழைய றைபிள். குழலின் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு இரும்புக் குறிகள் மட்டுமே அதற்கு உண்டு. இரவில் விழுந்த பனி பழைய தடங்களையெல்லாம் மூடிவிட, அன்று காலை நடந்த விலங்கின் தடம் மட்டும் வெள்ளைத் தாளில் எழுதியதுபோல் அவர்முன் கிடந்தது. நின்றபடியே அதை வாசித்து முடித்தேன். பனிமழையை நான் கண்டதில்லை, மூஸையும் கண்டதில்லை. ஆயினும் அம்மனிதர் குனிந்து பார்த்தவற்றுட் பலவற்றை நான் முன்னரே பார்த்திருந்தேன். பதுளைக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பத்தனையில், என் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவற்றைப் பார்த்தேன்.

மூஸுக்கும் எங்கள் மலைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். பெயரளவில் ஒரு தொடர்பு உண்டு. வட அமெரிக்கர் மூஸ் என அழைக்கும் அதே விலங்கை ஐரோப்பியர் எல்க் என்பர். இலங்கை மலைநாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் இங்கு கண்ட பெரிய மானினமாகிய மரைக்கு, ஊர் நினைவிலோ அறியாமையிலோ, அந்தப் பெயரையே சூட்டிவிட்டனர். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1854 இல் வெளியிட்ட வேட்டை நூலில் பக்கந்தோறும் வரும் எல்க் நம்முடைய மரைதான். உருவத்தில் அது மூஸில் ஏறத்தாழப் பாதி. தமிழகத்தார் அதைக் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வர். சங்கப் பாடல்களில் வரும் மரை இந்த விலங்குதானா என்று எங்கள் விரிவுரைகளில் ஐயம் எழுப்பப்பட்டபோது நான் வாய் திறக்கவில்லை. எனினும், புறநானூற்றில் மரை நெல்லி தின்னும் செய்தியைப் படித்த அன்று எனக்குள் ஐயம் ஏதும் எழவில்லை. ஊவாவின் பத்தனைச் சரிவுகளில் நெல்லி மரங்கள் சிதறி நிற்கும். அவற்றின் அடியில் விதை மென்று துப்பிக் கிடக்கும். அதை மென்றது யார் என்பதை எனக்கு ஐந்து வயதிலேயே காட்டித் தந்துவிட்டார்கள்.

பனி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலிருந்து உதிர்ந்து நிலத்தை மூடும் வெள்ளைப் பொருளுக்கும், புல்நுனியில் விடியலில் நிற்கும் நீர்த்துளிக்கும், மலையை மறைக்கும் மூட்டத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர்க்கு இது இடர் தரும். எனக்கோ அன்று நூலகத்தில் இது உதவியாகவே இருந்தது. அந்த வேட்டைக்காரர் பனியில் தடம் பார்த்தார். என் தாத்தாவும் பனியில்தான் தடம் பார்த்தார்.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையின் மேற்புறமாக, நமுனுகுல மலையின் தோள்களில் ஒன்றில் இருக்கிறது. கீழே பணியக்கணக்கு, மேலே மேக்கணக்கு. அதற்கும் மேலே தேயிலை முடிந்து, மானாப்புல் மண்டிய பத்தனையும், ஓடை வழியே கறுத்து நிற்கும் காடும். மறுபுறச் சரிவில் சிங்களக் கிராமம் ஒன்று. எங்கள் பக்கத்தில் அத்தகைய கிராமத்தை ‘நாடு’ என்பர். நாங்கள் இருப்பது மட்டும் நாடாகாதது ஏன் என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “நம்ம இருக்கிறது தோட்டம்” என்று அப்பாயி சொன்னார். அதற்குமேல் விளக்கம் கிடைக்கவில்லை.

தாத்தா 1942 ஆம் ஆண்டளவில் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பெரிய துரையின் வேட்டைக்குத் தடம் பார்க்கப் பிடிக்கப்பட்டார். ‘பிடிக்கப்பட்டார்’ என்பது அவர் பயன்படுத்திய சொல். அன்று பிரட்டில் நின்றவர்களுள் ஒருவன் தொலைந்த மாட்டைக் குளம்படி பார்த்துக் கண்டுபிடித்தான் என்ற செய்தி பங்களாவுக்கு எட்டிவிட்டதாம். அதன்பின் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள், துரைக்கு ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில், தாத்தாவின் வேலை துரைக்கு முன்னால் நடப்பது. துவக்கைச் சுமப்பது, துடைப்பது, எண்ணெய் இடுவது, தடம் கண்ட இடத்தில் அதைத் துரையின் கையில் கொடுத்துவிட்டு மண்டியிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அதன் விசையை அவர் தொட்டதில்லை. அந்த றைபிளின் எடை, கட்டையிலிருந்த வெடிப்பு, பின்குறியின் பள்ளம் தேய்ந்து ஒருபுறம் சாய்ந்திருந்தமை ஆகிய யாவும் அவருக்குத் தெரியும். சுடும்போது அது தோளில் எப்படி உதைக்கும் என்பது மட்டும் தெரியாது.

விழுந்த மரையின் நல்ல இறைச்சி பங்களாவுக்கும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கும் போகும். தலையும் குடலும் தடம் பார்த்தவர்களுக்கு. தலையிலும் கொம்பு பங்களாவுக்கே. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது தோட்டங்களில் இருந்த துவக்குகளைப் பொலிசார் எடுத்துச் சென்றனர். துரையின் றைபிளும் போயிற்று. தாத்தா அதை மீண்டும் காணவில்லை. 1975 இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையும் போய்ச் சேர்ந்தார். தாத்தாவின் தமையனார் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்தியா சென்றார். தாத்தா போகவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை எங்கு நிறுத்தியதோ அங்கேயே, 2003 இல் புதிய சட்டம் வரும்வரை, எந்த நாட்டின் இடாப்பிலும் பெயரின்றி இருந்தார். அறுபது வயதில் குடியுரிமை பெற்றவர் என் தாத்தா.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் என ஒன்று உண்டு. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பலமுறை அதைக் கடந்திருக்கிறேன். அது மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், 1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400 க்கு மேல் என எமர்சன் டெனன்ட் தம் நூலில் எழுதிவைத்தார். யானைகளைக் கொன்ற பழி மின்னலாய் வந்தது என்று எங்கள் பக்கத்தில் கதை வழங்குகிறது. எனக்கு அதைவிட அந்த எண்ணிக்கையில்தான் வியப்பு. 1,400 யானைகளைத் தேடிக் கண்டுபிடித்தவர் யார்? காட்டில் யானை தானாக வந்து வரிசையில் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் குனிந்து நடந்த ஒருவர் இருந்திருப்பார். ஈரமான இலத்தியைக் கையால் தொட்டுச் சூடு பார்த்த ஒருவர் இருந்திருப்பார். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எங்கள் தோட்டத்துப் பங்களா இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. விடுமுறையொன்றில் நான் அங்கு மூன்று வாரம் மேசை துடைத்தேன். முன்கூடத்துச் சுவரில் மரைக்கொம்புகள் நான்கு சோடி. ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகடு. தகட்டில் துரையின் பெயர், ஆண்டு. 1962 என்று எழுதிய சோடியைப் பற்றித் தாத்தா சொல்லியிருந்தார். இரண்டு பகல் ஓர் இரவு தொடர்ந்த தடம் அது. அதைப் பார்க்க அவரை அழைத்துவர விடுதியில் அனுமதி கேட்டேன். விருந்தினர் இல்லாத நாளில் பார்க்கலாம் என்றார்கள். அப்படியொரு நாள் வரவில்லை.

தடம் பார்த்தலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் தாத்தாவிடம் நான் கற்ற ஒரே கல்வி அதுதான்.

ஊவாவில் கார்த்திகை, மார்கழி மழை ஓய்ந்தபின் தையும் மாசியும் தெளிந்த இரவுகளைத் தரும். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் அப்போது புல்மீது உறைபனியே படிவதுண்டு. எங்கள் உயரத்தில் அது அரிது; ஆனால் பனித்துளி அடர்ந்து இறங்கும். விடியலில் பத்தனை முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும். கோடிக்கணக்கான துளிகளில் வெளிச்சம் சிதறுவதால் வரும் வெளுப்பு அது. அதன் குறுக்கே ஒரு விலங்கு நடந்தால், கால் பட்ட புல்லின் துளிகள் உதிர்ந்து, புல்லின் உண்மையான பச்சை வெளிப்படும். தூர நின்று பார்த்தால் வெள்ளைச் சீலையில் கரும்பச்சைக் கோடு. சூரியனை எதிர்நோக்கி நின்றால் கோடு துலங்கும். முதுகு காட்டி நின்றால் மங்கும். ஆகவே தாத்தா பத்தனையின் ஓரத்திலேயே மேற்குப் பக்கமாக நெடுநேரம் நடப்பார். புதிதாய் அவருடன் வருபவர்க்கு அவர் வழி தவறிவிட்டார் என்றே தோன்றும்.

கோடு கிடைத்தபின் முதற் கேள்வி, எப்போது போயிற்று என்பது. நள்ளிரவில் நடந்ததாயின் உதிர்ந்த இடத்தில் மறுபடியும் பனி இறங்கிக் கோடு பாதி நரைத்திருக்கும். விடிந்தபின் நடந்ததாயின் பச்சை கூர்மையாக இருக்கும். புல்லின் அடியில் நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். சிலந்தி இரவில் கட்டிய வலை அறுந்திருக்கிறதா, இல்லையா? மிதிபட்ட மானா நிமிரத் தொடங்கிவிட்டதா? இவற்றைப் பார்க்கக் கிட்டத்துப் பார்வை வேண்டும். அதற்காகத்தான் என்னை அழைத்துச் சென்றார். எழுபதைக் கடந்த தாத்தாவுக்கு எதிர்மலையில் மேயும் ஆட்டை எண்ண முடியும். கைக்கெட்டிய தூரத்துச் சிலந்தி நூல் தெரியாது. “புள்ள, நூலு இருக்கா, அறுந்திருக்கா பாரு” என்பார். நான் குனிந்து பார்த்துச் சொல்வேன். அண்ணன் கொழும்பில் கடையொன்றுக்கு வேலைக்குப் போயிராவிட்டால் அந்த இடம் அவனுக்குத்தான் கிடைத்திருக்கும். பெண்பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப்போவதாக அம்மா முணுமுணுத்ததும் உண்டு. தாத்தா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

வெறுந்தரையில் குளம்படி வேறுவிதமாய்ப் பேசும். முன்கால் அகலம், பின்கால் ஒடுக்கம். நிதானமாய் நடந்த மரையின் குளம்பு இரண்டு பிளவும் சேர்ந்து பதியும். வெருண்டு ஓடியதன் பிளவுகள் விரிந்து, சேற்றில் பின்னங்குளம்பும் குத்தியிருக்கும். காற்றும் கணக்கில் வரும். சூரியன் சரிவில் படும்வரை குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழிறங்கும். வெயில் ஏறியதும் திரும்பி மேலேறும். ஆகவே கீழிருந்து ஏறுபவரின் வாடை விடியலில் விலங்கை எட்டாது. வெயில் வந்தபின் எட்டிவிடும். தாத்தா மடியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, நெற்றியில் பூசியது போக எஞ்சியதை விரல் நுனியால் உதிர்த்துக் காற்றின் போக்கைப் பார்ப்பார். இறைவனுக்கும் காற்றுக்கும் ஒரே பொட்டலம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்; ஏனெனில் அப்போது பனியும் போய்விடும், காற்றும் மாறிவிடும்.

இந்த வித்தைக்குத் தாத்தாவுக்கு முதுமையில் ஒரே ஒரு பயன் இருந்தது. நாட்டிலே குரக்கனும் மரவள்ளியும் பயிரிட்ட சிங்கள முதியவர் ஒருவர் அவருடைய நண்பர். அவரை நான் ‘சீயா’ என்று அழைத்தேன். சிங்களத்தில் அது பாட்டனைக் குறிக்கும் சொல். தாத்தா அவரை ‘அய்யா’ என்று விளித்தார். சிங்களத்தில் அய்யா என்றால் தமையன். தமிழில் அது மரியாதை. எந்த மொழியில் அழைத்தார் என்பதை இருவருமே தெளிவுபடுத்திக் கொண்டதில்லை. சீயா தாத்தாவை ‘மல்லி’ என்பார், தம்பி என்ற பொருளில். 1983 ஆடிக் கலவரத்தில் பதுளை எரிந்த இரவு சீயா லயத்துக்கு ஏறி வந்து விடியும்வரை எங்கள் வாசலில் குந்தியிருந்தார் என்று அப்பா சொல்லுவார். சீயா அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

சீயாவிடம் ஒரு துவக்கு இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்றது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. குழலின் வாய்வழியே மருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கம்பியால் இடிக்கும் வகை. வன்னி நண்பர்கள் இதை இடியன் என்பார்கள் என்று பல்கலைக்கழகம் வந்த பின்னரே அறிந்தேன், பொருத்தமான பெயர். ஒருமுறை சுட்டால் மறுமுறைக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். குழலின் நுனியில் மிளகளவு பித்தளைப் பொட்டு. பின்புறத்தில் யாரோ கொல்லர் அரத்தால் ராவிய பள்ளம். குறி பார்க்க அவ்வளவுதான். பனி நாட்களில் தட்டுப்பொறி நனையாமலிருக்கப் பொலித்தீன் துண்டொன்றைச் சுற்றியிருப்பார். அந்தத் துவக்கு காட்டுப்பன்றிக்கு. மரையைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது இருவருக்கும் தெரியும். அவர்கள் சுடவும் இல்லை. தாத்தாவின் ஞாயிற்றுக்கிழமை மரைகள் வேறொரு காலத்தவை.

2016 ஆம் ஆண்டு மாசி. எனக்கு வயது பதின்மூன்று. ஒரு மாலை சீயாவின் பேரன் வந்து, பத்தனையோரத்தில் மரையொன்று நொண்டுவதாகவும், காலில் கம்பி பளபளப்பதாகவும் சொன்னான். கண்ணி வைப்பது எங்கள் பகுதியில் புதிதல்ல. வண்டிகளின் கேபிள் கம்பியைச் சுருக்காக்கித் தேயிலையும் காடும் சேரும் ஓரத்தில் கட்டிவிடுவார்கள். பன்றிக்கென்று வைப்பார்கள், கம்பிக்கு அது தெரியாது. சிறுத்தையும் விழும், நாயும் விழும். துவக்கை விடத் தாத்தா வெறுத்த பொருள் அது. “துவக்குக்காரன் முன்னால வந்து நிக்கணும். கம்பிக்காரன் வீட்டில தூங்குறான்” என்பார்.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்திருக்கலாம் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று எங்கள் மூவருக்கும் அது தோன்றவில்லை என்பதே உண்மை. அறுபது ஆண்டுகள் இடாப்பில் இல்லாதிருந்த மனிதருக்குச் சீருடையைத் தேடிப் போகும் பழக்கம் எங்கிருந்து வரும்?

மறுநாள் இருள் பிரியுமுன் புறப்பட்டோம். தாத்தா கறுப்புக் கம்பளியைப் போர்த்தியிருந்தார். நான் கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்கைக் கட்டியிருந்தேன். அப்படியும் முழங்காலுக்குக் கீழ் நனைந்து விறைத்துவிட்டது. சீயா ஓடையருகில் காத்திருந்தார். கோடு எளிதில் கிடைத்தது. கிடைத்ததும் தாத்தா அதனருகே குந்தி உட்கார்ந்துவிட்டார். மரையின் தடம் பனியில் ஓர் ஒழுங்கான இரட்டைக் கோடாக ஓடும். இது அப்படி ஓடவில்லை. மூன்று இடங்களில் புல் மிதிபட்டு, நாலாவது வரவேண்டிய இடத்தில் பனி அப்படியே இருந்தது. பக்கத்தில், கத்தியால் கீறினாற்போல் மெல்லிய கீற்றொன்று துளிகளை அறுத்துக்கொண்டு நெளிந்து போயிற்று. கம்பி இழுபட்ட கீற்று. “மூணு காலு” என்றார் தாத்தா. சிறிது தள்ளி இன்னொரு தடம், சின்னது, நான்கு காலும் சரியாக. குட்டி.

ஏறக்குறைய ஒரு மணிநேரம் தொடர்ந்தோம். பத்து இருபது கவடுக்கு ஒருமுறை புல் வட்டமாய் நசுங்கியிருந்தது; படுத்து எழுந்திருக்கிறது. இரத்தமில்லை. காயம் பழையது என்றார் சீயா. கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. தாத்தா இருமுறை திருநீறு உதிர்த்தார். இருமுறையும் அது எங்களை நோக்கியே வந்தது. ஓடைக்கு மேலே, நெல்லி மரங்கள் மூன்று நிற்கும் இடத்தில், அவர் கையைப் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினார்.

நாற்பது அடித் தொலைவு இருக்கும். பெண் மரை. பின்னங்கால் ஒன்று மூட்டுக்குக் கீழ் வீங்கிக் கறுத்து, நிலத்தில் படாமல் தூக்கியிருந்தது. கம்பி சதைக்குள் புதைந்து, அதன் நுனி மட்டும் தொங்கிற்று. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது. பிழைக்க வழியில்லை என்பதை மூன்று பேரும் ஒரே பார்வையில் அறிந்தோம்.

சீயா பொலித்தீனைக் கழற்றி, கல்லொன்றில் முழங்கையை ஊன்றிக் குறி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு துவக்கைத் தாழ்த்தி, “பேன்னெ நே” என்றார் மெதுவாக. தெரியவில்லை. அவர் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. பன்றிக்கு அவர் சுட்டதெல்லாம் ஓசைக்காகத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. துவக்கு தாத்தாவின் கைக்கு வந்தது. தம் வாழ்நாளில் முதன்முறையாக, சுடுவதற்கென்று, அவர் ஒரு துவக்கைத் தோளில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மற்றதை மூடினார். கண்ணாடியில்லாத குறிக்கு ஒரு நியதி உண்டு. பள்ளம் கிட்டத்தில், பொட்டு கையெட்டும் தூரத்துக்கு அப்பால், விலங்கு தொலைவில். மூன்றையும் ஒரே கோட்டில் கொணர வேண்டும். கண்ணோ ஒரு சமயத்தில் ஒன்றையே தெளிவாகக் காணும். மரையின் ஒவ்வொரு மயிரும் தாத்தாவுக்குத் தெரிந்தது. பள்ளமும் பொட்டும் தெரியவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சீயா தலையசைத்தார். தாத்தா கல்லின்மேல் துவக்கைக் கிடத்தி, என்னைப் பின்னால் முழங்காலிட வைத்து, கட்டையை என் தோளோடு அழுத்தினார். “பொட்ட மட்டும் பாரு, புள்ள. மத்ததெல்லாம் மங்கலாத்தான் இருக்கும். முன்னங்காலுக்குப் பின்னால, கொஞ்சம் கீழ. மூச்ச விட்டுட்டு இழு.” இருவருக்கும் எழுபதுக்கு மேல் வயது, காட்டைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை, கண் மட்டும் இல்லை. எனக்குக் கண் இருந்தது. பள்ளத்தின் நடுவே பித்தளைப் பொட்டு வந்து நின்றது; அதன் மேல் சாம்பல் நிறத் தோள். இவ்வளவு தெளிவாக நான் எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் நாசியிலிருந்து ஆவி எழுவதும் தெரிந்தது. காது ஒன்று எங்கள் பக்கம் திரும்பிற்று.

நான் இழுக்கவில்லை.

இரக்கத்தால் என்று எழுத ஆசைதான். இந்த இதழின் வாசகர் நம்பவும் கூடும். இரக்கமன்று. ஓசைக்கும் உதைக்கும் பயந்தேன். அதைவிட, விரலை அசைத்த மறுகணம் ‘சுட்டவள்’ ஆகிவிடுவேன் என்பதற்குப் பயந்தேன். விரலை அசைக்காவிட்டால் எதுவும் ஆகமாட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. முதுகில் வெயில் பட்டது. வெயிலோடு காற்றும் திரும்பியது. மரை தலையை உயர்த்தி, வாலை நிமிர்த்தி, தொண்டையடைத்த கொம்பொலிபோல் ஒருமுறை கத்திவிட்டு, மூன்று காலில் துள்ளி ஓடைக் காட்டுக்குள் விழுந்து போயிற்று. குட்டி பின்னால்.

தாத்தா துவக்கை என் தோளிலிருந்து எடுத்துச் சீயாவிடம் கொடுத்தார். “சரி” என்றார். திட்டவில்லை. காட்டுக்குள் தொடர்ந்து போய்ப் பார்த்தோம், ஓடைப் பாறைகளில் தடம் இல்லை, பனி காய்ந்துவிட்டது. பத்து மணிக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

நாலாம் நாள் காகங்கள் காட்டித் தந்தன. தாத்தாவும் நானும் போனோம். ஓடைக்குள், நீருக்கு வாய் எட்டாத தூரத்தில், பாறைக்கும் வேருக்கும் இடையில் கம்பி சிக்கிக் கிடந்தது. சுற்றிலும் மண் உழுதாற்போல் கிளறியிருந்தது. தாத்தா அந்த மண்ணைச் சுற்றி வந்து பார்த்தார். தடம் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே எல்லாமே எழுதியிருந்தது. எனக்கும் அப்போது கொஞ்சம் படிக்கத் தெரியும். குட்டியின் காலடி, பழையதன்மேல் புதியதாக, நாலு நாளுக்கும் இருந்தது. தாத்தா கத்தியால் கம்பியை அறுத்தெடுத்துச் சுருட்டிக்கொண்டார். இறங்கி வரும் வழியில் பீலிக்கரைக்கு அருகே நின்று, “ஒரு நாளுன்னா பரவால்ல. நாலு நாளு” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதன்பின் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. தை பிறந்ததும் முன்போலவே என்னை எழுப்பினார்; நானும் போனேன்; சிலந்தி நூலைப் பார்த்துச் சொன்னேன்.

சீயா 2019 இல் காலமானார். அவருடைய மகன் துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். தாத்தா இரண்டு வருடம் கழித்துப் போனார். நான் முதலாம் வருடத்துக்கு வந்தபோது அறைத்தோழியர் வேட்டை, மான், மலை என்று ஏதேனும் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவேன். குறிஞ்சித் திணை பற்றிய பரீட்சை வினாவுக்கும் விடையளிக்காமல் வேறு வினாவைத் தெரிந்தேன். நூலகத்தில் அந்த நூல் கைக்கு வரும்வரை இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த நூலில் வேட்டைக்காரர் இறுதியில் மூஸைச் சுட்டுவிடுகிறார். தடம் அத்தோடு முடிகிறது. மறுபக்கம் இறைச்சியைச் சுமந்து செல்வதைப் பற்றி.

அம்மா அந்தக் கம்பியை நீட்டி, லயத்தின் பின்புறம் இரண்டு கம்பங்களுக்கிடையே துணி காயப்போடக் கட்டியிருக்கிறார். கேபிள் கம்பியல்லவா, துருப்பிடிக்கவில்லை. கடந்த தை விடுமுறையில், நான் கொண்டுபோன அழுக்குத் துணிகளைத் துவைத்து அதில்தான் போட்டார். மறுநாள் விடியற்காலையில் விழிப்பு வந்தது. எழுப்ப ஆளில்லாமலே எழுந்து, படங்கைக் கட்டிக்கொண்டு பத்தனைக்கு ஏறினேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. மேற்கு ஓரமாக நடந்தேன். நெல்லி மரங்களுக்குக் கீழே கோடு கிடைத்தது. பச்சை கூர்மையாக, புல்லடியில் இன்னும் நீர் சொட்ட, இரட்டைக் கோடு. குந்தி உட்கார்ந்து எண்ணினேன். நான்கு காலும் இருந்தன. காற்று என் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. சிறிது தூரம் அதன் பின்னால் போனேன். எட்டு மணிக்குப் பஸ். துணி இன்னும் ஈரமாகவே இருக்கும் என்ற நினைவு வந்து, இறங்கி வந்தேன்.